புதுச்சேரியைக் கெடுத்தவர் யார்?

துய்ப்ளேயா, லாலியா? புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்தைப் பேச உட்கார்ந்தால் இந்த வழக்கு வராமல் போகாது. சென்ற வாரம் பார்த்த ஆளுநர் துய்ப்ளே 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டு, ஒன்பது ஆண்டுகளில் பாரிஸில் நொடித்துப்போய் இறந்தார். 1748 முற்றுகையில் சம்பா கோவில் என்ற தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த பழி அவர் ஆட்சியைச் சேரும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே அதற்குச் சாட்சி. ஆனால் துய்ப்ளேவுக்கு இந்த மண்ணின் அரசியல் தெரிந்திருந்தது. லாலிக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

பிரெஞ்சுப் படைத்தலைவராக லாலி 1758 ஏப்ரலில் வந்து இறங்கினார். ஜூனில் ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினம் கோட்டை விழுந்தது. வண்டிமாடும் சுமைகூலியும் கிடைக்காதபோது, சாதி பாராமல் ஊராரைப் பிடித்துப் பீரங்கி இழுக்கவைத்தார். பழைய கடன்பத்திரத்தைக் காட்டிப் பணம் கேட்டுத் தஞ்சைக்குப் படையெடுத்தவர், வழியில் கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடினார். அங்கிருந்த பிராமணர்களை உளவாளிகள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். தஞ்சையும் வசப்படவில்லை. அதன்பின் அரிசியும் ஆளும் தர எந்த ஊர் முன்வரும்? ஐதராபாத்தில் செல்வாக்கோடிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியையும் அழைத்துக்கொண்டதால் தக்காணமும் கைநழுவியது. சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் தோற்றது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அவரை முறியடித்தார், புஸ்ஸி கைதியானார்.

லாலிக்காக வாதாடுவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கடற்படைத் தளபதி தாஷே 1759-இல் கப்பல்களோடு மொரீஷியசுக்குப் போனவர், திரும்பவே இல்லை. கஜானா காலி. ஆலோசனைச் சபையோ அவரை வெறுத்தது. இவை போர்த் தோல்விக்குக் காரணமாகலாம். 1760 நவம்பரில் அவர் செய்ததற்குக் காரணமாகா.

ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட, உள்ளே தானியம் குறைந்ததும், சுமார் 1,400 தமிழர்களைக் குழந்தை குட்டிகளோடு கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் வழிவிடவில்லை. திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரரும் உள்ளே விடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே, வேரும் புல்லும் தின்று எட்டு நாள் கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழிவிட்டார். எந்தத் தோல்வியையும்விட இதுவே லாலியின் பெருந்தோல்வி என்பேன். அந்த ஊரைக் காக்கத்தானே அவரை அனுப்பினார்கள்!

1761 ஜனவரி 16 அன்று நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிள்ளை நான்கு நாள் முன்பே காலமாகியிருந்தார். கைதியாக லண்டன் போன லாலி, தன்மேல் வந்த குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லத் தாமே பிரான்சுக்குத் திரும்பினார். அந்தத் துணிவை மறுக்க முடியாது. மன்னரின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று 1766 மே 9 அன்று தலை வெட்டப்பட்டது. அவர் துரோகி அல்லர். வோல்த்தேர் அவருக்காக எழுதிப் போராடினார். 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது இடிபாடுதான். அதன்மேல் ஊரை எழுப்பிய லா த லொரிஸ்தோன் பற்றி அடுத்த வாரம்.