தொடையளவு மேசை

ஓய்வு பெற்ற மறு வருடம், வீட்டின் பின்கட்டில் ஒரு சின்னத் தச்சுப் பட்டறை போட்டேன். முதல் வேலையாக ஒரு வேலை மேசை செய்தேன். அமெரிக்கப் புத்தகம் ஒன்றின் படத்தைப் பார்த்து 36 அங்குல உயரம் வைத்தேன். அது அந்த ஊர்ச் சமையல் மேடையின் உயரம் என்பது பிறகுதான் தெரிந்தது. என் உயரமோ 5 அடி 4 அங்குலம்.

ஒரு தேக்குப் பலகையை இழைத்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது. வயது எழுபதை நெருங்குகிறது, இனி இதெல்லாம் நமக்கு வேண்டாம் என்று மேசையை விற்றுவிடவே எண்ணினேன். ஜன்னல் பழுது பார்க்க வந்த ஆசாரி சிரித்துக்கொண்டே, "ஐயா, இந்த மேசை உங்க தோளைத் தூக்குது. நீங்க இல்ல மேசையை அமுக்கணும்?" என்றார்.

அவர் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், பிரான்சு தேசிய நூலகத்தின் மின் தொகுப்பில் தேடினேன். பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்த்ரே ழாக்கோப் ரூபோ எழுதிய 'மரவேலைக் கலை'. பாரிஸ் அறிவியல் கழகம் வெளியிட்ட கைத்தொழில் நூல் வரிசையில் 1769 முதல் 1775 வரை பகுதி பகுதியாக வந்தது. 380க்கும் மேற்பட்ட படத்தகடுகள் கொண்டது. ரூபோ 1739இல் பிறந்தவர். தச்சரின் மகன், தானும் தச்சர். உளி பிடித்த கையே பேனாவும் பிடித்தது என்பதுதான் அந்த நூலின் பெருமை.

அதன் 11ஆம் தகட்டில் தச்சுப் பட்டறையும் வேலை மேசையும் இருக்கின்றன. பிரெஞ்சில் அந்த மேசைக்கு 'எத்தாப்ளி' என்று பெயர். உயரத்துக்கு ரூபோ சொல்லும் விதி, வேலை செய்பவனின் தொடையின் மேற்புறத்தை மேசை தாண்டக் கூடாது என்பது. தாண்டினால் தள்ளப் பலம் போதாது. ஆள் சீக்கிரமே உடல் கோணிப் போவான் என்கிறார்.

காரணம் எளிது. இழைக்கும்போது தள்ளுவது கையல்ல, கால். மேசை தாழ்வாக இருந்தால் உடல் கனம் முழுவதும் இழைப்புளியின் மேல் இறங்கும். உயரமாக இருந்தால் தோள் மட்டுமே தனியாக உழைக்கும். ரூபோ காலத்து இழைப்புளி உயரமான மரக்கட்டை. கையை மேலும் தூக்கிவிடும். இரும்பு இழைப்புளி 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அது தாழ்ந்தது; ஆகவே இன்று ஓரிரு அங்குலம் கூடினாலும் பாதகமில்லை.

இன்னும் பின்னால் போனால், ரோமானியத் தச்சர்களிடம் முழங்கால் உயர மேசைகள் இருந்தன. ஜெர்மனியில் சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டையின் கிணற்றில் அப்படிப்பட்டவை கிடைத்துள்ளன. பலகையின் மேல் தாமே உட்கார்ந்து வேலை செய்வார்கள். நம் ஆசாரிகள் தரையில் அமர்ந்து, பலகையைப் பாதத்தால் அழுத்திப் பிடித்து உளி ஓட்டியதும் அதே கணக்குத்தான்: உடல் மேலே, மரம் கீழே.

ஆசாரியையே அழைத்து மேசைக் கால்களில் 6 அங்குலம் அறுக்கச் சொன்னேன். இப்போது 30 அங்குலம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே மேசை வருகிறது. தோள்வலி இல்லை. பொருத்துவாய் வெட்டுவது போன்ற நுணுக்க வேலைக்குக் கண்ணருகே மரம் வர வேண்டும். அதற்கு 7 அங்குல உயரப் பெட்டி ஒன்று செய்து மேலே வைத்துக்கொள்கிறேன்.

34 வருடம் அலுவலகத்தில் ஒரே அளவு மேசையில் குனிந்து கோப்பு எழுதினேன். குட்டை, நெட்டை எல்லோருக்கும் அதே மேசைதான். என் கூன் அங்கே வந்தது. உன் உயரம் என்ன என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. முதலில் கேட்டவர், நான் பிறப்பதற்கு 150 வருடத்துக்கு மேல் முன்பே இறந்துபோன ஒரு பாரிஸ் தச்சர்.

பேரப்பிள்ளைகளுக்கு மேசை செய்பவர்கள், தயவுசெய்து முதலில் பிள்ளையை நிற்க வைத்து அளவெடுங்கள்.