கொழுப்பைக் காக்கும் உயிர்ச்சத்து

வைட்டமின்களின் வரலாற்றில் 'இ' வைட்டமினின் கதை விந்தையானது. அதற்கு வாய்த்த பெயரோ மகப்பேற்றைக் குறிப்பது. அது ஆற்றும் அடிப்படைப் பணியோ கொழுப்பைக் காப்பது.

1922-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் எவான்ஸ், காதரீன் பிஷப் ஆகிய இருவரும், அன்று அறியப்பட்டிருந்த சத்துக்களோடு பன்றிக் கொழுப்பையும் கலந்து எலிகளுக்கு ஊட்டினர். எலிகள் நன்கு வளர்ந்தன; சினையும் பட்டன. ஆனால் கருக்கள் வயிற்றிலேயே கரைந்தொழிந்தன. லெட்டூஸ் கீரையை உணவில் சேர்த்ததும் அக்குறை நீங்கிற்று. 1936-இல் எவான்ஸ் குழுவினர் கோதுமை முளை எண்ணெயிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தனர். மகப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாக 'டோக்கோபெரால்' எனப் பெயரும் இட்டனர்.

பெயர் நிலைத்தது. ஆயினும் பிற பிராணிகள் வேறு கதை கூறின. அச்சத்துக் குறைந்த முயல்களுக்குத் தசைகள் நலிந்தன. கோழிக்குஞ்சுகளுக்கு மூளை கெட்டது. இவற்றையெல்லாம் மகப்பேற்றோடு எவ்வாறு பொருத்துவது?

விடைக்கு வழிகாட்டியது கொழுப்பே. 'கே' வைட்டமினைக் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் ஹென்ரிக் டாம், கார்ல் மேசன் என்பாருடன் சேர்ந்து 1945-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். 'இ' வைட்டமின் இன்றிக் காட் மீன் எண்ணெய் உண்ட எலிகளின் உடற்கொழுப்பு பழுப்பு நிறம் அடைந்திருந்தது. மீனையே மிகுதியாக உண்ட வளர்ப்புப் பூனைகளிடமும், மென்மயிர்த் தோலுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் மிங்க் என்னும் பிராணிகளிடமும் இத்தகைய 'மஞ்சள் கொழுப்பு' நோய் காணப்பட்டது.

இதன் காரணம் யாது? பழைய எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதை நாம் அறிவோம். காற்றிலுள்ள பிராணவாயு அதனைத் தாக்குவதால் வரும் கேடு அது. மீன் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புகள் இதற்கு எளிதில் இரையாகும். கெட்ட ஓர் அணுத்திரள் அடுத்ததைக் கெடுக்க, அது மற்றொன்றைக் கெடுக்கும். உடலுக்குள்ளும் இச்சங்கிலித் தொடர் நிகழக்கூடும். 'இ' வைட்டமின் தன்னிலுள்ள ஹைட்ரஜனை ஈந்து அதனை இடையில் அறுக்கின்றது. உயிரணுக்களின் மெல்லிய சவ்வும் கொழுப்பால் ஆயதே. அதனாலேயே தசை, மூளை, கரு எனக் கேடு பல இடங்களில் தோன்றிற்று.

ஆகவே ஒரு பிராணிக்கு எவ்வளவு 'இ' வைட்டமின் தேவை என்பது, அது உண்ணும் கொழுப்பின் வகையையும் பொறுத்தது. மீன் எண்ணெயை மிகுதியாகச் சேர்த்துவிட்டு அதன் காவலனை மறந்தால், ஊட்டமே நோயாக மாறும். பெயர் ஒன்றை மட்டும் கூறிற்று. முழு உண்மையைப் பல பிராணிகளின் துன்பமே உணர்த்திற்று.