ஊவா மலையில் ஈயமும் எழுத்தும்

கைக்கோப்பு அச்சகம் மூடப்பட்டால் அதன் எழுத்துகள் நிறுவைக்குத்தான் போகும். ஓப்செட் அச்சு பரவிய பிறகு மலைநாட்டிலும் இதுவே நடந்தது. பழைய இரும்புக் கடைக்காரருக்கு அது கிலோக் கணக்கில் ஈயம். அதை வாங்கிச் சன்னம் வார்ப்பவர்கள் உலகின் பல பக்கங்களிலும் இருக்கிறார்கள். அச்செழுத்தை உருக்கிச் சன்னமாக்கிப் போராடினார்கள் என்ற செய்தியைக் கேட்டால் நமக்கு உடல் சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பை ஊவாவின் வரலாறு ஆதரிக்கவில்லை என்பதே என் வாதம். துவக்கு பறிபோன பிறகும் இந்த மலையில் எதிர்ப்பு உயிரோடிருந்தது எழுத்தாக நின்ற ஈயத்தால்தான். போதாக்குறைக்கு, சன்னத்துக்கு அந்த உலோகம் அத்தனை பொருத்தமானதும் அல்ல.

முதலில் உலோகத்தையே கேட்போம். தனிக் காரீயம் நகம் பட்டாலே கீறும், வளைத்தால் வளையும், காகிதத்தில் இழுத்தால் சாம்பல் கோடு போடும். அச்செழுத்து வளையாது, ஒடியும். ஒடிந்த முகம் மணிமணியாக மினுங்கும். அதில் காரீயத்தோடு அந்திமனியும் வெள்ளீயமும் கலந்திருக்கின்றன. அந்திமனி கடினம் தருகிறது, ஆறும்போது சுருங்குவதைக் குறைத்து எழுத்தின் விளிம்பைக் கூர்மையாக வைக்கிறது. வெள்ளீயம் குழம்பை அச்சின் நுண்ணிய மூலைவரை ஓடவிடுகிறது. வரிவரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் உலோகத்தில் அந்திமனி ஏறக்குறைய 12 வீதம், வெள்ளீயம் 4 வீதம். கையால் கோக்கும் தனி எழுத்தில் இரண்டுமே இன்னும் கூடுதல். பிரினெல் அளவில் காரீயத்தின் கடினம் 5 என்றால் லைனோடைப்பினுடையது 22 அளவில் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் மினியே ரவை, வெடியழுத்தத்தில் அடிப்புறம் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்ற வேண்டியது. அதற்கு மெத்தென்ற ஈயம் வேண்டும். ஆகவே விவரம் தெரிந்த வார்ப்பாளர் அச்சு உலோகத்தைக் கடினமூட்டும் சரக்காகவே சிறிதளவு கலப்பார். நூற்றுக்கணக்கான எழுத்துவடிவங்களைத் தாங்கிய ஒரு தமிழ்க் கேஸின், அதாவது எழுத்துப் பெட்டியின், விலை இப்படிக் கலப்படச் சரக்கின் விலையாக இறங்கிவிடுகிறது.

இனி வரலாறு. 1817–18இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியை ஆளுநர் பிறவுன்ரிக்கின் படை ஊரையும் வயலையும் எரித்து அடக்கியது. 1818 நவம்பரில் கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். துவக்குகள் பறிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகூடக் கழியவில்லை. 1820இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு ஜேம்ஸ் காரெட் என்ற அச்சாளரை அனுப்பியது. பதில் ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் தீவில் தங்க விடாமல் வெளியேற்றினார். வெடிமருந்தோ துவக்கோ கொண்டுவராத ஒரு மனிதர் அவர். அச்சுத்தொழில் தெரியும், அவ்வளவே. அந்த மிஷனின் அச்சகம் மானிப்பாயில் இயங்க 1834 ஆகிவிட்டது. அமெரிக்கர்மீது பிரித்தானியருக்கு இருந்த ஐயமே காரணம் என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஐயம் அச்சாளர்மீது விடிந்தது ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஏற்கனவே இங்கிருந்த அமெரிக்கப் போதகர்கள் தங்கிவிட்டார்களே!

1894இல் பண்டாரவளைக்கு ரயில் வந்தது. 1900இல் அதே பாதையில் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளைப் பக்கத்துத் தியத்தலாவைக்குக் கொண்டுவந்தார்கள். முள்கம்பிக்குள் அடைபட்டவர்கள் பத்திரிகை நடத்தினார்கள். ஒன்றின் பெயர் ‘தியத்தலாவை டம்டம்’. டம்டம் என்பது உடலுக்குள் மலர்ந்து விரியும் ரவை. 1899இல் ஹேக் மாநாடு அவ்வகை ரவைகளுக்குத் தடை அறிவித்திருந்தது. ரைபிளைப் பறிகொடுத்தவர்கள் ரவையின் பெயரைத் தாளுக்கு வைத்தார்கள்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அச்சின் பொருள் இன்னும் ஆழமானது. லயத்துக்குள் வெளியாள் நுழைவது துரையின் அனுமதியில் இருந்த காலம். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார். 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஏடுகளை நடத்தினார். 1931இல் அட்டனை மையமாக்கித் தொழிலாளர் சம்மேளனம் கண்டார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பிரசுரங்களை வெளியிட்டு, தாமே பாடிப் பரப்பினார். படிக்கத் தெரியாதவர்களிடம் அச்சு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாட்டுகளே பதில். ஒருவர் படித்துப் பாடினால் ஒரு லயமே கேட்கும்.

எழுத்து ரவையாகிப் போரில் வென்றதும் உண்டே என்பார்கள். உண்டு. 1856இல் அமெரிக்காவின் கன்சாஸில், ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீடம்’ என்ற அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகையின் எழுத்துகளை அடிமைமுறை ஆதரவாளர்கள் ஆற்றில் கொட்டினார்கள். எதிர்த்தரப்பார் அதைப் பொறுக்கிப் பீரங்கிக் குண்டாக வார்த்து, அடிமைமுறை ஆதரவாளர்களின் டைட்டஸ் கோட்டைமேல் சுட்டார்கள். ஆனால் ஆற்றில் கிடந்தபோதே அது எழுத்தாக இருப்பதை இழந்துவிட்டது; எழுத்தைக் கொன்றவர்கள் வேறு. தமிழில் பயணம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடியில் பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கிச் சிறிய தமிழ் எழுத்து வார்த்ததாக மிஷன் வரலாறு சொல்கிறது. 1715இல் முடிந்த புதிய ஏற்பாடு அந்த முயற்சியின் பலன்.

அச்சகமே தேய்ந்த எழுத்தை உருக்குகிறதே, பிறகென்ன வருத்தம் என்பது வலுவான மறுப்பு. அச்சகம் உருக்குவது மறுபடி எழுத்தாக்குவதற்கு. நிறுவைக் கடையில் அந்தச் சுற்று அறுந்துபோகிறது. மலையகத் தமிழ் ஏடுகள் பலவற்றுக்கு முழுத் தொகுப்பு இல்லாத நிலையில் உலோகமும் ஆவணம்தான். உருக்குமுன் பார்க்க வேண்டியவை சிலவே. ஏறக்குறைய 23.3 மில்லிமீற்றர் உயரம், உடலில் ஒரு காடி, தலையில் இடவலம் மாறிய வடிவம் இருந்தால் அது அச்செழுத்து. ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் கைக்கோப்பு அல்லது மோனோடைப். ஒரு வரி முழுதும் ஒரே துண்டாக இருந்தால் லைனோடைப். மை தடவித் தாளில் ஒற்றினால் யாரோ எழுதிய அந்த வரியையே வாசித்துவிடலாம்.