பொள்ளாச்சி – வால்பாறை மலைச்சாலை

கோவை மாவட்டத்தின் தென்கோடியில், பொள்ளாச்சியையும் ஆனைமலைத் தொடரில் சுமார் 3,500 அடி உயரத்திலுள்ள வால்பாறையையும் இணைக்கும் மாநில நெடுஞ்சாலை. நீளம் ஏறத்தாழ 64 கிலோமீட்டர். பல்லடத்துக்காரர்கள் காமநாயக்கன்பாளையம், நெகமம் வழியாகப் பொள்ளாச்சி வந்து இதைப் பிடிக்கிறார்கள்.

ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமதளம். அணையையும் வனத்துறைச் சோதனைச்சாவடியையும் குரங்கு அருவியையும் தாண்டினால் ஏற்றம்தான். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. ஒன்பதாவது வளைவு லோம்ஸ் காட்சிமுனை. இந்தச் சாலையை அமைத்த ஆங்கிலேயரான லோமின் பெயர் அது. அங்கே இறங்கி நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் காலடியில் தட்டையாகக் கிடக்கும். சாலையோரத் தடுப்புச்சுவரிலேயே வரையாடு ஏறி நின்று, ஹாரன் அடித்தபடி திரும்பும் பேருந்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை வழக்கம்.

அட்டகட்டிக்கு மேல் காற்று குளிரத் தொடங்கும். கவர்க்கல்லில் பட்டப்பகலிலும் முகப்பு விளக்கைப் போடவைக்கும் மூடுபனி. பிறகு தேயிலை. தோட்டங்களுக்கு ஆளும் அரிசியும் ஏறவும், தேயிலை மூட்டை இறங்கவும் இதுவே பிரதான வழி. வால்பாறையைக் கடந்தால் சோலையாறு, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி வரை போகலாம்.

இந்த மலையைச் சுற்றுலாத் தலமாக மட்டும் பார்ப்பது பெரும்பிழை. வால்பாறைப் பக்கம் பெய்யும் மழை சோலையாறு அணையில் தேங்கி, சுரங்கம் வழியாகப் பரம்பிக்குளம் சேர்ந்து, சர்க்கார்பதி மின்நிலையத்தில் விழுந்து, 49 கிலோமீட்டர் நீளமுள்ள சமமட்டக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. பல்லடம் வட்டாரத்துக் காடுதோட்டங்களுக்கு நான்கு மண்டலமாக முறைவைத்து விடும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் அதுதான். ஆக, பல்லடத்து மக்காச்சோளத்துக்கும் இந்தச் சோலைக்காட்டுக்கும் நேர் உறவு.

சாலையின் பெரும்பகுதி ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் அல்லது அதன் விளிம்பில் ஓடுகிறது. வால்பாறைக்கு முன்னால் உள்ள புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கின்றன; மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத இனம் இது. அவை தரையிறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். யாரோ நீட்டிய பிஸ்கட்டுக்காக ஒருமுறை இறங்கிப் பழகிய குரங்கு, அடுத்த வண்டியின் சக்கரத்துக்கு முன்னாலும் இறங்கும். அந்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். தின்பண்டம் எதையும் வெளியே நீட்டாதீர்கள்.