மீன் பிடித்தவர்கள் எழுதி வைத்த கணக்கு

சுவாமிமலைக்காரர்களுக்குக் காவிரி என்றால் முதலில் வண்டல் மண். ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் பூசி அச்சு எடுப்பது அந்த மண்ணைத்தான். அப்புறம் வயலுக்குத் தண்ணீர், ஆடிப்பெருக்கு. மீன் என்று கேட்டால் கெண்டை, கெளுத்தி, விரால் என்று இரண்டு மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். இதே காவிரியின் மேல்பகுதியில் ஒரு ஆள் எடைக்கு மீன் இருந்தது என்று சொன்னால் கப்சா என்றுதான் நினைப்பார்கள்.

கப்சா இல்லை. மஹ்சீர் என்று பெயர். கெண்டை வகையில் மிகப் பெரிய மீன்களில் ஒன்று. 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், காவிரியின் துணையாறான கபினியில் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ!

இந்த மீனைப் பற்றி ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிய வெள்ளைக்காரர்களில் ஒருவர் தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற தூண்டில் புத்தகத்தை எழுதினார். 1887-ல் குளத்தில் மீன் பிடிப்பதற்கென்றே இன்னொரு புத்தகம். (கலெக்டர் வேலைக்கு நடுவில் எப்படி நேரம் கிடைத்ததோ!) பொழுதுபோக்கோடு அவர் நின்றுவிடவில்லை. ஆற்றில் விஷம் கலப்பதும், சின்னக் கண்ணி வலையால் குஞ்சுகளை வாரி எடுப்பதும் நடந்தால் மீன் மிஞ்சாது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவர். வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது.

அதற்கு முன்பே ஊட்டியில் வேட்டைக்காரர்கள் சங்கம் சேர்ந்துவிட்டார்கள். 1877-ல் நீலகிரி கேம் அசோசியேஷன். 1879-ல் அந்த மலைக்கென்றே தனிச் சட்டம். எந்தக் காலத்தில் சுடக்கூடாது, எதைச் சுடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. வரையாட்டில் பெட்டையைத் தொடக்கூடாது, முதுகு வெளுத்த கிழட்டுக் கிடாவை மட்டுமே சுடலாம் என்று விதி. இதை ஜீவகாருண்யம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வருஷமும் சுட ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்ற கவலை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கவலையும் வேலை செய்தது. இன்னொரு பக்கமும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வேட்டையாடிய மலைவாசிகளுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. அதே சங்கம் பின்னாளில் வனவிலங்குச் சங்கமாகப் பெயர் மாறியது. அதில் செயலாளராக இருந்த வக்கீல் ஈ.ஆர்.சி. டேவிதார் 1975-ல் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அக்டோபர் 7-ம் தேதியைத் தமிழக அரசு வரையாடு தினமாக அறிவித்தது அவர் நினைவாகத்தான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் துப்பாக்கிக்கு வேலை போயிற்று. அதே வருஷம் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் உருவானது. துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களும் தூண்டில் பிடித்தவர்களும் சேர்ந்தார்கள். கர்நாடகத்தில் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். இன்னும் கீழே பீமேஸ்வரி, கலிபோர் போன்ற இடங்களில் அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் முகாம்கள் நடத்தியது. விதி ஒன்றுதான்: பிடி, எடை போடு, போட்டோ எடு, திரும்ப ஆற்றில் விடு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். முன்பு வெடி போட்டு மீன் அள்ளிய உள்ளூர்க்காரர்கள் சிலர் இவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். மீன் செத்தால் ஒரு நாள் கூலி, உயிரோடு இருந்தால் வருஷம் முழுக்கச் சம்பளம். ஊட்டிச் சங்கம் நூறு வருஷம் முன்னால் கோட்டை விட்ட இடம் இது.

இவர்களும் ஒரு தப்பு செய்தார்கள். அரசுத் துறைகளும் சேர்ந்துதான் செய்தன. மீன் குறைகிறதே என்று ஆற்றில் குஞ்சு விட்டார்கள். மகாராஷ்டிராவில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் பொரித்த மஹ்சீர் வகை அது. நீலத் துடுப்பு. காவிரியின் சொந்த மஹ்சீருக்கோ முதுகில் கூன், துடுப்பில் ஆரஞ்சுச் சாயல். எல்லாம் மஹ்சீர்தானே என்று நினைத்தார்கள்.

தப்பு வெளியே வந்தது தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகத்தால்தான். கலிபோர் முகாமில் யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எத்தனை எடை என்று 1998 முதல் 2012 வரை பதிவு இருந்தது. மொத்தம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள். ஆட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் அதை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். நீலத் துடுப்பு பெருகிக்கொண்டே போயிருந்தது. கூன் முதுகு குறைந்துகொண்டே வந்திருந்தது. அதிலும் மாட்டியவை வருஷத்துக்கு வருஷம் பெரிய மீன்களாக இருந்தன. கேட்க நல்ல செய்தி போல இருக்கும். ஆனால் அர்த்தம் வேறு: குஞ்சுகள் வரவில்லை, பழைய மீன்கள் மட்டும் கிழடாகிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட அக்ரஹாரம் மாதிரி. பேரேட்டில் மொத்தத் தொகை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் லாபமாகத்தான் தெரிந்திருக்கும். இனம் பிரித்து எழுதியதால் நஷ்டம் தெரிந்தது. தங்கள் செயலுக்கே எதிரான சாட்சியைத் தாங்களே பதினைந்து வருஷம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்!

2012-ல் அந்தப் பதிவு நின்றது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வனவிலங்குச் சட்டத்துக்கு விரோதம் என்று முடிவாகி, முகாம்களில் மீன்பிடி மூடப்பட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தினமும் ஆற்றங்கரையில் நின்ற ஆட்களும், அந்த நோட்டுப் புத்தகமும் அதோடு போயின.

வேடிக்கை என்னவென்றால், தாமஸ் காலத்திலிருந்து இத்தனை பேர் துரத்திய அந்தக் கூன் முதுகு மீனுக்கு 2018 வரை உறுதியான விஞ்ஞானப் பெயர் கிடையாது. அந்த வருஷம்தான் அது டோர் ரெமாதேவி என்ற இனம் என்று நிரூபித்தார்கள். மிக அதிக அழிவு ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அதே வருஷம் சேர்ந்தது. நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மோயாற்றில் இன்னும் இருக்கிறது. அந்தப் பெயர் முதலில் வைக்கப்பட்டது கேரளத்தில் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு. பாம்பாறு அமராவதியில் சேர்கிறது, அமராவதி கரூர் பக்கம் காவிரியில் சேர்கிறது, அங்கிருந்து முக்கொம்பு, கல்லணை தாண்டி அந்தத் தண்ணீர் வருவது சுவாமிமலைக்குத்தான்.