செஞ்சிக் குதிரையும் பழக்கும் கலையும்

தமிழில் ‘பழகு’ என்னும் சொல் நட்பையும் குறிக்கும்; பயிற்சியையும் குறிக்கும். நண்பரோடு பழகுகிறோம், தொழிலும் பழகுகிறோம். அதன் பிறவினையாகிய ‘பழக்கு’ என்னும் சொல் விலங்கைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்துவதைச் சுட்டும். அடக்குதல் வேறு, பழக்குதல் வேறு. அடக்குதலில் ஒரு பக்கம் வெல்லும், மறுபக்கம் தோற்கும். பழக்குதலில் இருபக்கமும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். ஆயினும் மக்கள் நினைவில் நிலைபெறுவது பெரும்பாலும் அடக்கியவன் புகழே. செஞ்சி தேசிங்கு ராஜன் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

கோலசிலாங்கூர் உள்ளிட்ட மலாயாத் தோட்டப் பகுதிகளுக்குக் கப்பலேறி வந்த தமிழருள் வடார்க்காடு, தென்னார்க்காடு மாவட்டத்தார் பலர். செஞ்சி அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. முகலாயப் பேரரசின் சார்பில் செஞ்சிக் கோட்டையை ஆண்ட புந்தேலத் தலைவர் சொரூப்சிங் 1714இல் இறந்தார். அவர் மகன் தேஜ்சிங்கையே மக்கள் தேசிங்கு ராஜன் என்றனர். திறை தொடர்பாக ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் பகை மூண்டது. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடந்த போரில் அவ்விளைஞன் உயிர்துறந்தான். அவன் ஆட்சி ஓராண்டைக்கூடக் காணவில்லை. அவன் புகழோ கதைப்பாடலாகி ஊர்தோறும் பரவிற்று. 1960இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

கதைப்பாடலின் உயிர்நிலை ஒரு குதிரையாகும். தில்லிப் பாதுசாவிடம் இருந்த முரட்டுக் குதிரையின்மீது எவராலும் ஏற முடியவில்லை. அதை அடக்க இயலாத தேசிங்கின் தந்தை சிறைப்பட்டார். இளம் தேசிங்கு தில்லி சென்று, அரங்கநாதரை வேண்டிக் குதிரைமேல் ஏறி, அதை அடக்கித் தந்தையை மீட்டான். குதிரையைப் பரிசாகவும் பெற்றான். இவ்வாறு பாடல் கூறும். இதனை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் ஆகாது. எனினும் ஒன்றைக் கருத வேண்டும். பாடல் ஒரு நாளைப் பாடுகிறது. குதிரை ஒரு நாளில் பழகுவதன்று.

குதிரை புல் மேயும் விலங்கு. ஓடித் தப்புவதே அதன் இயல்பான காப்பு. தலையின் இருபுறமும் கண்கள் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழுமையாகக் காணும். எனினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் சிறிதளவு இடம் அதன் கண்ணுக்குப் புலனாகாது. அதனால் இளங்குதிரையை அணுகுவோர் குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாகச் செல்வர். முதலில் கையை முகர விடுவர். பின்னர்க் கழுத்தைத் தடவுவர். கயிற்றோடு நடத்தல், கால் தூக்கிக் காட்டுதல், முதுகில் துணி தாங்குதல், சேணம், கடிவாளம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்பிப்பர். ஆள் ஏறுவது இவை யாவற்றுக்கும் பின்னரே. குதிரை சிறிது இணங்கியவுடன் கயிற்றைத் தளர்த்துதல் இக்கலையின் உயிர்நாடி. அத்தளர்வே அதற்குக் கிடைக்கும் பாராட்டு. இணங்கிய பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தால், இணங்கிப் பயனில்லை என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

இவ்வுண்மையைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டுச் செனபோன் குதிரையேற்றம் குறித்து ஒரு நூல் செய்தார். பசியும் தாகமும் தனிமையில் நேர்வன என்றும், உணவும் நீரும் மனிதனால் வருவன என்றும் குட்டி உணருமாறு வளர்க்க வேண்டும் என்றார். சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்றார். ஒரு பொருளைக் கண்டு அது மிரண்டால் அடித்தல் கூடாது. பழக்குபவர் அப்பொருளைத் தாமே தொட்டுக் காட்டி, மெல்ல அதனருகே அழைத்துச் செல்ல வேண்டும் என்றார். அடித்தால் அச்சம் இரட்டிக்கும் என்பது அவர் கருத்து. கௌடிலியரின் அர்த்தசாத்திரமோ நான்கு அல்லது ஐந்து வயதில்தான் குதிரை முழு வளர்ச்சி பெற்றுத் தொழிலுக்கு உரியதாகும் என வகுத்தது. முதுகெலும்பு முதிரப் பல்லாண்டு ஆகும் என இன்றைய கால்நடை மருத்துவமும் கூறுகின்றது.

இவ்வறிவு இல்லாதவிடத்து நேர்ந்த இழப்புக்கும் தமிழக வரலாற்றில் சான்றுண்டு. கடல்வழி வந்த குதிரைகளையும் காழகத்துப் பொருள்களையும் பட்டினப்பாலை ஒருங்கே கூறும். காழகம் என்பது கடாரம், அதாவது இன்றைய கெடா என்பர். குதிரை வணிகம் பிற்காலப் பாண்டியர் காலத்தில் மிகப் பெருகிற்று. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இறங்கின என்றும், ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதினார். எண்ணிக்கை மிகையாயினும் செலவு பெரிது என்பதில் ஐயமில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் வாங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளுள் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றார். பேணத் தெரியாமையே காரணம் என்றும், குதிரை மருத்துவர் அங்குச் செல்லாதவாறு வணிகர் தடுத்தனர் என்றும் அவர் குறித்துள்ளார். தட்பவெப்பமும் ஒரு காரணமாகலாம். எனினும், பொருள் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதனைப் பேணும் அறிவை வாங்க இயலவில்லை என்பது தெளிவு.

மீண்டும் செஞ்சிக்கு வருவோம். வெள்ளம் பெருகிய வராக நதியைக் குதிரைமேல் கடந்தே தேசிங்கு போர்க்களம் புகுந்தான் என்பது வழிவழி வந்த செய்தி. அடி தெரியாத நீரில் இறங்கக் குதிரை இயல்பாகவே அஞ்சும். சவுக்குக்கு அஞ்சிய குதிரை, அதனினும் பெரிய அச்சத்தைக் கண்டவிடத்துச் சவுக்கை மறந்துவிடும். ஏறியிருப்பவன் தன்னைக் கேட்டுக்குள் செலுத்தான் என்று நம்பிய குதிரையே அவ்வாற்றில் இறங்கும். ஆகவே அக்கதையில் வியக்கத்தக்கது தில்லியில் ஏறிய அந்நாளன்று. ஆற்றங்கரையில் இறங்கிய இந்நாளே. இவ்விரண்டு நாள்களுக்கும் இடையே நாள்தோறும் தீனியிட்டு, தேய்த்து, நடத்திய குதிரைச் சேவகரின் பெயரைப் பாடல் கூறவில்லை.

வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் இச்செய்தி அயலானதன்று. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தென்னமராம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான என்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவினார். அவ்வூர் இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது. லாரிகள் பெருகுமுன் மலாயாத் தோட்டங்களில் சுமை இழுத்தவற்றுள் மாட்டுவண்டியும் ஒன்று. தமிழக உழவர், புதுக்காளையைப் பழகிய காளையோடு ஒரே நுகத்தில் பூட்டி, வெறும் வண்டியை இழுக்கச் செய்து, பின்னரே பாரம் ஏற்றுவர். துணையும் பொறுமையும் கொண்டு கற்பிக்கும் இம்முறை குதிரைக்கு உரைத்த நெறியே அன்றோ?

முதல் வகுப்பில் நுழையும் சிறுவனுக்கும் பள்ளி ஓர் ஆழம் தெரியாத ஆறுதான். பிரம்பு அவனைக் கரைவரை கொண்டு செல்லும். நீரில் இறங்குவதற்கோ, ஆசிரியர்மேல் வைத்த நம்பிக்கை ஒன்றே துணை. அந்நம்பிக்கை நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்வது. அதைத்தான் தமிழ் ‘பழக்கம்’ என்றது.