மழையோடு வாழ்ந்த சுவர்கள்: சென்னை, புதுச்சேரிப் பழைய வீடுகளில் நீர்ச்சேதமும் சீரமைப்பும்

சோழமண்டலக் கடற்கரையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ப்பதாகும். இந்த மழைக்கு நடுவே நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் நின்ற மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன், புதுச்சேரி ஆகிய இடங்களின் பழைய வீடுகள், கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கசிந்து, காரை பெயர்ந்து, இடிந்து மறைந்து வருகின்றன. கட்டடத்தின் முதுமையே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இக்கட்டடங்கள் எழுந்த முறையையும், அவை பராமரிக்கப்பட்ட வழக்கத்தையும், பின்னர் அவற்றின் மீது ஏற்றப்பட்ட பொருள்களையும் சேர்த்து ஆராய்ந்தால், முதுமையைவிட வழக்கம் அறுபட்டதே பெருங்காரணம் என்பது தெளிவாகும்.

மழையை வீட்டுக்குள் வரவேற்று வெளியேற்றுவதே பழைய தமிழ் வீட்டின் அமைப்பு. தெருவை ஒட்டிய திண்ணை, அதை அடுத்த நடை, நடுவே வானம் பார்த்த முற்றம், அதனைச் சுற்றிய தாழ்வாரம் என்ற வரிசையில் அமைந்த இவ்வீடுகளில், நாட்டு ஓடு வேய்ந்த சரிகூரையின் நீர் முற்றத்தில் விழுந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்கோ தெருவுக்கோ சென்றது. இரு கூரைச் சரிவுகள் சந்திக்கும் மூலையான கூடல்வாயே இந்த அமைப்பின் மெலிந்த இடமாதலால், ஓடு பிரித்து அடுக்கும் ஆட்கள் மழைக்கு முன்னர் அதையே முதலில் கவனித்தனர். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் நிறுவிய ஆலையிலிருந்து, ஒன்றோடொன்று கொளுவி நிற்கும் சீமை ஓடுகள் பரவத் தொடங்கிய பின் ஓட்டுக்கூரையின் ஒழுக்கு குறைந்தது. எனினும் முற்றத்தை மையமாகக் கொண்ட நீரோட்டம் மாறவில்லை.

தட்டையான மேல்தளம் கொண்ட மெத்தை வீடுகளின் வரலாறு வேறு. மரவிட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைக்கும் தளம் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்றது. அது சென்னை நகரின் எல்லைக்குள் நில்லாமல் நெடுந்தொலைவு பரவியதோடு, பிற்காலத்தில் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 2119 என்ற எண்ணில் அதற்கென ஒரு நெறிமுறையையே வெளியிடும் அளவுக்கு நிலைபெற்றது. சுவரிலும் பெரிய உத்தரங்களிலும் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகளைப் பதித்து, அவற்றுக்கு இடையே ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்புள்ள சிறு செங்கற்களைக் குத்துவாக்கில், கட்டைகளுக்குக் குறுக்குக் கோணமாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவது அதன் முதல் நிலை. கீழே முட்டுப்பலகை ஏதும் இல்லாமல், முன்வரிசையைப் பற்றிக்கொண்டே அடுத்த வரிசை நிற்கும்படி கட்டப்படுவது இதன் தனிச்சிறப்பு. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, மழைநீர் தூம்பை நோக்கி ஓடும்படி மெல்லிய சரிவு கொடுப்பர். கொத்தனார்கள் இதை வாட்டம் என்பர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக அமர்ந்த பெண்கள் மரக்கட்டைகளால் நாட்கணக்கில் பாட்டின் தாளத்துக்கு இடித்து இறுக்கிய பின், தட்டோடு பதித்து அல்லது காரை பூசித் தளத்தை முடித்தனர்.

இத்தளமும் இதைத் தாங்கிய சுவரும் நீரோடு கொண்டிருந்த உறவைப் புரிந்துகொள்ளச் சுண்ணாம்பின் இயல்பை அறிய வேண்டும். சுண்ணாம்புக் கல்லையோ கடற்கரையிலும் உப்பங்கழியிலும் வாரிய கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு அரைத்துச் சாந்தாக்கும்போது, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. செங்கல் தூளாகிய சுர்க்கியைச் சேர்த்தால், ஈரத்திலும் இறுகும் தன்மை அதற்குக் கிடைக்கிறது. இவ்வாறு இறுகிய காரை நுண்துளைகள் நிறைந்தது: மழையில் சிறிது நீரை உறிஞ்சும், வெயிலில் அதை ஆவியாக வெளிவிடும். மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றினாலும், உள்ளே எஞ்சிய சுண்ணாம்பு ஈரத்தில் கரைந்து அவ்விடத்தில் மீண்டும் படிந்து அவற்றை ஓரளவு அடைத்துக்கொள்ளும். ஆகவே பழைய கட்டடம் நீரை முற்றாகத் தடுக்க முயன்ற கட்டடம் அன்று. வாங்கிய நீரைத் தங்கவிடாமல் திருப்பித் தந்த கட்டடம்.

அப்படித் திருப்பித் தருவதற்கு ஆண்டுதோறும் மனிதக் கை வேண்டியிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைக் கூட்டி, தூம்பில் சேர்ந்த சருகை அகற்றி, தட்டோட்டின் இடுக்குகளைச் சாந்தால் நிரப்பி, கைப்பிடிச்சுவரில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவது வீட்டுக்காரரின் கடமையாகக் கருதப்பட்டது. மழை ஓய்ந்து வெயில் ஏறும் மார்கழிக் கடைசியில், பொங்கலை முன்னிட்டு வெள்ளையடித்தனர். பண்டிகைச் சடங்காக மட்டும் இன்று நினைக்கப்படும் இந்த வழக்கம், நனைந்த சுவர் உலரத் தொடங்கும் சரியான பருவத்தில், அதன் மூச்சை அடைக்காத புதிய சுண்ணாம்புப் படலத்தை அதற்குத் தந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கொத்தனார் என்று தலைமுறைகளாகத் தொடர்ந்த உறவால், எந்த மூலை எந்த ஆண்டு ஒழுகியது என்பது அவர் நினைவில் பதிவாகியிருந்தது.

இந்த ஒழுங்கை முதலில் அசைத்தது சிமென்ட். 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமென்டை இந்தியாவில் தயாரிக்கும் முயற்சி 1904இல் சென்னையிலேயே தொடங்கப்பட்டது. அது நிலைக்கவில்லையெனினும், 1914இல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கியது. விடுதலைக்குப் பிந்தைய பதிற்றாண்டுகளில் தமிழ்நாட்டு ஆலைகளின் சிமென்ட் எல்லாச் சிற்றூர்களையும் எட்டியது. சில மணி நேரத்தில் இறுகும் பொருள் கையில் கிடைத்தபின், வாரக்கணக்கில் நீற்றி அரைக்க வேண்டிய சுண்ணாம்பை நாடுவோர் குறைந்தனர், காளவாய்கள் அணைந்தன, செக்கில் சாந்து அரைத்தவர்களும் தளம் இடித்தவர்களும் வேறு தொழில் தேடினர். புதிய கட்டடங்களுக்கு இது குறையன்று. ஆனால் பழைய சுவரின் ஓதத்துக்கும், அதாவது சுவருள் தங்கும் ஈரத்துக்கும், அதே சிமென்டையே மருந்தாகப் பூசியபோது கேடு தொடங்கியது.

பழைய சுவர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடைக்காலின் மேல் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறும்போது, மண்ணிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. சுண்ணாம்புப் பூச்சில் அந்நீர் மேற்பரப்பில் உலர, உப்பு வெளியே பூத்து, பூச்சு சில ஆண்டுகளில் பொருக்கு விட்டு உதிரும். மீண்டும் பூசினால் போதும், செங்கல் காப்பாற்றப்பட்டுவிடும். அடர்த்தியான சிமென்ட் பூச்சோ நீர் உலரும் வழியை அடைத்துவிடுவதால், ஈரம் இன்னும் உயரே ஏறி, பூச்சின் பின்னாலேயே உப்பு படிகமாகி விரிந்து, செங்கல்லின் முகத்தைத் தூளாக்குகிறது. புறத்தே பல ஆண்டுகள் திடமாகத் தோன்றும் சுவர் உள்ளே மணலாகிப் போவது இதனாலேயே. நெகிழி கலந்த வண்ணப்பூச்சுகளும் இதே தீங்கை விளைவிக்கின்றன.

மேல்தளத்தில் நேர்ந்த பிழையும் இதற்கு இணையானது. ஒழுக்கைக் கண்டவுடன் பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன் மேல் சிமென்ட் போடுவதும், அது வெடித்தபின் இன்னொரு படலம் போடுவதும் வழக்கமாகி, தேக்குக் கட்டைகள் தாங்க வேண்டிய சுமை கூடிக்கொண்டே போனது. வாட்டமும் கெட்டு மாடியில் நீர் தேங்கியது. சுவருக்குள் புதைந்த கட்டை முனைகளே மெட்ராஸ் டெரஸின் உயிர்நாடி. நீர் அங்கே தங்கினால், வெளியே தெரியும் பகுதி பழுதின்றி இருக்கும்போதே, முனைகள் பூஞ்சையாலும் கரையானாலும் உளுத்துப்போகும். பின்னாளில் மாடியில் வைத்த தொட்டியும், முற்றத்தை மூடிக் கட்டிய குளியலறையும், சுவரைக் குடைந்து செலுத்திய குழாய்களும், மழை இல்லாத மாதங்களிலும் இச்சுவர்களை நனைத்துக்கொண்டிருக்கின்றன.

வீட்டுக்கு வெளியிலும் காரணங்கள் உண்டு. பழைய தளத்தைச் சுரண்டாமல் தார்ச்சாலைகளை மேலுக்கு மேல் போட்டதால் தெரு உயர்ந்து, ஒரு காலத்தில் தெருவுக்கு மேல் சில படிகள் உயரத்தில் இருந்த திண்ணைகள் அதன் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ தாழ்ந்தன. முற்றத்து நீர் தெருவுக்குப் போன வழியிலேயே தெருநீர் முற்றத்துக்குள் வந்தது. சட்டமும் அறியாமல் இதற்குத் துணைபோனது. வாடகைதாரரைக் காக்க 1960இல் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நீடித்த நிலையில், உறைந்த வாடகை பெற்ற உரிமையாளர் பழுதுபார்க்கச் செலவிட விரும்பவில்லை. தமக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு வாடகைதாரரும் செலவிடவில்லை. பல வாரிசுகளுக்குப் பாகம் பிரிந்த வீடுகளின் நிலையும் அதுவே.

இக்காரணங்கள் கூடி நிற்கும் கட்டடத்தை ஒரு பெருமழை வீழ்த்திவிடும். 1761இல் ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்டு, 1765க்குப் பின் பிரெஞ்சு ஆளுநர் லா த லொரிஸ்தான் காலத்தில் பழைய தெருவமைப்பின் மீதே மீண்டெழுந்த புதுச்சேரியில், 1870களின் தொடக்கத்தில் கடற்கரைச் சாலையில் கட்டப்பட்ட மேரி என்னும் நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று தொடர்மழையில் இடிந்து விழுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாகி, அடையாற்றுக் கரைகளைத் தாண்டி வெள்ளம் சென்னை வீடுகளுக்குள் புகுந்தது. மேரி கட்டடம் முந்தைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அது நற்செய்தியே; எனினும் மீட்டெழுப்பியது பழைய உருவத்தின் நகலே அன்றிப் பழைய சுவர் அன்று என்பதும், தூம்பையும் கட்டை முனைகளையும் காலந்தோறும் பார்த்திருந்தால் இதனினும் மிகக் குறைந்த செலவில் மூலக்கட்டடமே நின்றிருக்கக்கூடும் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

சீரமைப்பு என்பது பூச்சு வேலை அன்று. அதற்கு ஒரு வரிசைமுறை உண்டு. நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அந்த வழியை அடைப்பது முதற்படி: உடைந்த தூம்பு, அடைபட்ட கூடல்வாய், கசியும் குழாய், உயர்ந்த தெரு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் சுவரைத் தொடுவது வீண். அடுத்து, தளத்துக்கு முட்டுக் கொடுத்து, சேர்ந்த சிமென்ட் படலங்களை மெல்லப் பெயர்த்து, கனத்த சுவர் தானே உலர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பூசிய சுவர் அடுத்த மழைக்குள் மீண்டும் பொருமும். உளுத்த கட்டையின் முனையை மட்டும் வெட்டி நல்ல தேக்கை ஒட்டியோ இரும்புத் தகடு கொடுத்தோ இணைத்து, தேவையெனில் முழுக்கட்டையை மாற்றி, ஜல்லித் தளத்தை வாட்டத்தோடு மீண்டும் இடிக்க வேண்டும். கடைசியாகச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. உப்பு முழுவதும் வெளியேறும்வரை முதற்பூச்சைத் தியாகப் பூச்சாகக் கருதி, உதிர்ந்தபின் மறுமுறை பூசுவதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

புதுச்சேரியில் 1980களிலிருந்து இண்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு தமிழ்ப் பகுதித் தெருக்களிலும் பிரெஞ்சுப் பகுதியிலும் செய்துவரும் பணிகளும், சேப்பாக்கத்தில் கூரை சரிந்து மரம் முளைத்துக் கிடந்த ஹுமாயூன் மகாலைச் சுண்ணாம்பு கொண்டு மீட்ட தமிழ்நாடு பொதுப்பணித்துறையின் முயற்சியும், இம்முறை இன்றும் சாத்தியம் என்பதைக் காட்டுகின்றன. அரசு மாளிகைகளில் வேலை கற்ற கொத்தனார்களின் கை சாதாரணத் தெருவீடுகளையும் எட்டினால்தான் அம்முயற்சி முழுமைபெறும். அதற்கு நல்ல சுண்ணாம்பு உள்ளூரில் விலைக்குக் கிடைக்க வேண்டும். பழுதுபார்ப்புக்கு எளிய கடன் வேண்டும். சாலை போடுவோர் பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதியதைப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐப்பசிக்கு முன் ஒருநாள் மாடிக்கு ஏறித் தூம்பைப் பார்க்கும் கடமை வீடுகளில் மீண்டும் நிலைபெற வேண்டும். இக்கட்டடங்களைக் கட்டியவர்கள் அவை பராமரிப்பின்றியே நிற்கும் என்று எண்ணிக் கட்டவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கு உழைப்பைச் சேர்க்கும் என்று நம்பியே கட்டினர்.